கணக்கில் வராத மாத்திரை: சுங்கை சிப்புட்டில் ஒரு மூட்டுவலி நிகழ்வு

63 வயது அம்மா. இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் பத்து வருஷத்துக்கு மேலாக உண்டு. இரண்டு முட்டியிலும் தேய்மானம். தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம், கால் வீக்கத்துக்குத் 'தண்ணி மாத்திரை' (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) கேட்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் மருந்துக்கடைக்கு வந்தார். அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் காரணம் முட்டிவலிக்காக அவர் சாப்பிட்டுவந்த அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள்.

அம்மாவும் அவருடைய மகனும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன.

மூட்டுவலிக்கு இந்த மாத்திரைகளைச் சாப்பிடவே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. லட்சக்கணக்கானவர்கள் இவற்றால்தான் எழுந்து நடக்கிறார்கள். இந்த அம்மாவைக் கெடுத்தது வேறொன்று: வலி மாத்திரையை யாருமே மருந்துக் கணக்கில் சேர்க்கவில்லை. கொடுத்தவர்களும் சேர்க்கவில்லை, சாப்பிட்டவரும் சேர்க்கவில்லை.

முட்டி தேய்ந்த விதம்

இவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 16 வயதில் பால்மரம் வெட்டப் போனார். விடியுமுன் நெற்றி விளக்கோடு கிளம்பினால் ஒரு நாளைக்கு 400, 500 மரம். பட்டையின் அடிப்பகுதியில் வெட்டு நடக்கும் வருஷங்களில் மரத்துக்கு மரம் குனிந்து, பாதி குந்தி, எழவேண்டும். அப்புறம் பால் வாளிகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் நடை. தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கும் வேலைக்கு வந்தார். அது நாள் முழுக்கக் குந்தியபடியே நகரும் வேலை. குந்துவது, முட்டி போடுவது, பாரம் தூக்குவது ஆகியவை சேர்ந்த தொழில்கள் முட்டித் தேய்மானத்தைக் கூட்டும் என்பது மருத்துவம் நன்றாக அறிந்த செய்தி. ஆனால் இவருடைய எந்த அட்டையிலும் தொழில் என்ற இடத்தில் 'குடும்ப மாது' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நாற்பது வருஷ உழைப்பு அந்தச் சொல்லில் காணாமல் போய்விட்டது. எனக்கு அது உறுத்துகிறது.

வலி மாத்திரைப் பழக்கமும் தோட்டத்தில் தொடங்கியதுதான். உடம்பு வலி என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் (மருத்துவ உதவியாளர்) மாத்திரை கொடுப்பார். போட்டுக்கொண்டு மறுநாள் காலைப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போகவேண்டும். வலி மாத்திரை சோறு தண்ணி மாதிரி வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. அந்த டிரெசரிடம் இருந்த வசதி மிகக் குறைவு, அதை நான் பெருமையாகச் சொல்லவரவில்லை. ஆனால் ஒன்று உண்டு: லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) இருந்த எல்லாருக்கும் எல்லா மருந்தும் அந்த ஒரே கையிலிருந்து போயிற்று. யாருக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று அந்த ஒருவருக்குத் தெரியும். தோட்டங்கள் கலைந்து, ஜனங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வந்த பிறகு ஒரே ஆளுக்கு நாலு இடத்திலிருந்து மருந்து வருகிறது. அந்த நாலு இடமும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை.

நாலு இடம், ஒரு வயிறு

முதல் இடம் அரசாங்கக் கிளினிக். வருஷக்கணக்காக ஒழுங்காகப் போய்வருகிறார். ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில் 8 மில்லிகிராம், ஹைட்ரோகுளோரோதயசைட் 25, அம்லோடிபின் 5; இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின்; கொழுப்புக்கு ஒன்று. முந்தைய ஆகஸ்டு மாதப் பரிசோதனையில் ரத்தக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவு) 88 மைக்ரோமோல். அவர் வயதுக்கு வடிகட்டும் அளவு 60-ஐ ஒட்டி இருந்தது. சுமாரான சிறுநீரகம், ஆனால் நிலையாக இருந்தது.

நவம்பரில் முட்டிவலி கூடியது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோவிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல் இருந்தது. நடக்க முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் மகன் ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப்போனார். அங்கே எட்டோரிகாக்சிப் என்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரை, 90 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று, பத்து நாளைக்குக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே வலி குறைந்து நன்றாகத் தூங்கினார். "அந்த மாத்திரை தெய்வம் மாதிரி தம்பி" என்றார் என்னிடம். பத்து நாள் தீர்ந்ததும் மறுபடியும் போய் ஒரு மாதத்துக்கு வாங்கினார். பிறகு இன்னொரு மாதத்துக்கு.

முட்டித் தேய்மானத்துக்கு எட்டோரிகாக்சிப் வழக்கமான அளவு 30 மில்லிகிராம்; தேவைப்பட்டால் 60. 90 என்பது ருமட்டாய்டு போன்ற மூட்டு அழற்சி நோய்களுக்கான அளவு. கவுட் (யூரிக் அமில மூட்டுவலி) திடீரென்று கிளம்பினால் 120, அதுவும் அதிகபட்சம் 8 நாள். ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90-க்கு மேல் இருப்பவருக்கு இந்த மாத்திரையைத் தொடங்கவே கூடாது. கிளினிக்கில் அன்று ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார் மகன்.

மூன்றாவது இடம், மருமகளின் வேலையிடத்து அட்டையில் போகக்கூடிய இன்னொரு கிளினிக். தோள்வலி என்று மருமகள் வாங்கிய மெஃபெனாமிக் அமிலம் 500 மில்லிகிராம், வீட்டில் ஒரு பை மீதி கிடந்தது. பிளாஸ்டிக் பையின் மேல் பேனாவால் 'உபாட் தஹான் சாகிட்' (மலாயில், வலி மருந்து) என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. நீண்ட தூரம் நடந்த நாள்களில் எட்டோரிகாக்சிபோடு இதையும் இரண்டு மூன்று சேர்த்துக்கொண்டார். பெயர் தெரியாததால் இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை.

நாலாவது இடம் பசார் மாலம், அதாவது இரவுச் சந்தை. 'நரம்பு, மூட்டு, இடுப்பு வலிக்கு' என்று விற்ற பழுப்புநிறக் குளிகை. டப்பாவில் மலேசியப் பதிவு எண் எதுவும் இல்லை. சில நாள்தான் சாப்பிட்டார், வயிறு எரிந்ததால் நிறுத்திவிட்டார். நிறுத்தியது நல்லதாயிற்று.

ஜனவரியில் அரசாங்கக் கிளினிக்குக்கு வழக்கமான தேதியில் போனபோது ரத்த அழுத்தம் 164/92. முன்பு இவ்வளவு ஏறியதில்லை. "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று நான் பின்னால் கேட்டபோது வந்த பதில்: "அது மருந்து இல்ல தம்பி, வலி மாத்திரைதானே." அவர் எதையும் மறைக்கவில்லை. அவர் கணக்கில் மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது. வலி நோயில்லை, அது வயதோடும் வேலையோடும் வருவது.

ஆகவே அம்லோடிபினை 5-லிருந்து 10-க்கு ஏற்றினார்கள். இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான்.

அப்புறம் விரதம். தைப்பூசத்துக்கு முன்னால் பல நாள், பகலில் ஒன்றும் சாப்பிடாமல் இரவு ஒரு வேளை சைவச் சாப்பாடு. தண்ணீரும் குறைவு. மாத்திரைகளை மட்டும் விடவில்லை. காலையில் வெறும் வயிற்றில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டார். வெயிலில் பால்குடம் சுமந்து நடந்து வேண்டுதலையும் முடித்தார். வலியே தெரியவில்லையாம்.

கடைக்கு வந்த நாள்

இரண்டு கணுக்காலும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. முகம் வெளுத்திருந்தது. ரத்த அழுத்தம் 172/96. சிறுநீர் குறைவாகப் போகிறது, வாய்க்குச் சாப்பாடு பிடிக்கவில்லை, ஒரு வாரமாக மலம் கறுப்பாகப் போகிறது என்று கேட்கக் கேட்கத்தான் வந்தது. தானாகச் சொன்னது கால் வீக்கத்தை மட்டும்.

வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், வாயில் போடுகிற எதுவாக இருந்தாலும், ஒரு பையில் அள்ளிவரும்படி மகனை அனுப்பினேன். அந்தப் பையை மேசையில் கொட்டியபோதுதான் மேலே சொன்ன நாலு இடமும் முதன்முறையாக ஒன்றாகத் தெரிந்தன. மெஃபெனாமிக் அமிலத்தை மாத்திரையில் இருந்த குறியை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ரத்த அழுத்த அளவையும் சேர்த்து, நேராக அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னேன்.

அங்கே வந்த முடிவுகள்: கிரியேட்டினின் 176, வடிகட்டும் அளவு 26. பொட்டாசியம் 5.8, இதயத் துடிப்பைக் குழப்பக்கூடிய அளவை நெருங்கியது. ஹீமோகுளோபின் 9.6. மறுநாள் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ஆழமில்லாத புண்கள். எச்.பைலோரி கிருமியும் இருந்தது. மலேசியாவில் இந்தியர்களிடையே இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் காணப்படுவதைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் வெளிவந்த செய்தி. கிருமி இருக்கும் வயிற்றில் வலி மாத்திரையும் விழுந்தால் புண் வருவது பல மடங்கு சுலபம்.

உள்ளே என்ன நடந்தது

இந்த மாத்திரைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வேலை செய்கின்றன. உடம்பில் காக்ஸ் என்ற நொதி, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் செய்கிறது. மூட்டில் வலியையும் வீக்கத்தையும் கிளப்புவதில் அதற்குப் பெரிய பங்கு. ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுப்பதால்தான் வேலை செய்கிறது என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக்குழாயை விரித்து வைப்பதும் அதுதான். மூட்டில் மட்டும் தடு, மற்ற இடத்தில் விட்டுவிடு என்று மாத்திரைக்குச் சொல்ல முடியாது.

காக்ஸில் இரண்டு வகை உண்டு. இரைப்பையைக் காக்கும் வேலை பெரும்பாலும் காக்ஸ்-1 உடையது; அழற்சி காக்ஸ்-2 உடையது. காக்ஸ்-2-ஐ மட்டும் குறிவைத்தால் வயிறு தப்பும் என்றுதான் செலகாக்சிப், எட்டோரிகாக்சிப் போன்றவை வந்தன. வயிற்றைப் பொறுத்தவரை அது ஓரளவு பலித்தது. ஆனால் சிறுநீரகத்துக்கு இரண்டும் வேண்டும். அங்கே எந்தச் சலுகையும் கிடைக்கவில்லை. இதயமும் ஒரு கேள்வியாயிற்று. அதே குடும்பத்து ரொஃபெகாக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004 செப்டம்பரில் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. எட்டோரிகாக்சிபை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2007-இல் ஏற்க மறுத்தது. மலேசியா உட்பட பல நாடுகளில் அது பயன்பாட்டில் உள்ளது. இந்த அம்மா எட்டோரிகாக்சிபோடு மெஃபெனாமிக் அமிலத்தையும் சேர்த்தபோது, காக்ஸ்-2 மருந்து வயிற்றுக்குத் தந்த கொஞ்சப் பாதுகாப்பும் போய்விட்டது.

சிறுநீரகத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வடிகட்டிக்குள் அழுத்தம் இருந்தால்தான் சிறுநீர் இறங்கும். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் இரண்டு விதமாகச் சமாளிக்கும்: உள்வரும் குழாயைப் புரோஸ்டாகிளாண்டினால் விரிக்கும், வெளியேறும் குழாயை ஆஞ்சியோடென்சின் என்ற பொருளால் இறுக்கும். வலி மாத்திரை முதல் வழியை அடைக்கிறது. பெரிண்டோபிரில் இரண்டாவது வழியை அடைக்கிறது. ஹைட்ரோகுளோரோதயசைட் உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நல்ல மருந்துகள். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குத் தப்பிக்க வழியே இல்லை. மருத்துவ உலகில் இந்த மூன்றின் கூட்டணி பல காலமாகப் பேர்போன ஆபத்து. இந்த அம்மாவுக்கு அதன் மேல் விரதமும் வெயிலும் சேர்ந்தன.

இன்னொரு சங்கிலியும் ஓடிக்கொண்டிருந்தது. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்தக்கொதிப்பு மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். அதனால் அழுத்தம் ஏறியது. அழுத்தம் ஏறியதால் அம்லோடிபின் ஏற்றப்பட்டது. அம்லோடிபின் கூடினால் கணுக்கால் வீங்குவது சகஜம். தேங்கிய நீரும் சேர்ந்து வீக்கம் பெரிதாயிற்று. வீங்கியதால் தண்ணி மாத்திரை கேட்டு வந்தார். நானோ வேறு யாரோ அன்று அதைக் கொடுத்திருந்தால் இருக்கிற நீரும் போய் சிறுநீரகம் இன்னும் மோசமாகியிருக்கும். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைப் புது நோய் என்று நினைத்து அடுத்த மாத்திரை, அதன் விளைவுக்கு இன்னொன்று. வயதானவர்களுக்குப் புதிதாக ஒரு தொந்தரவு வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது சமீபத்தில் சேர்ந்த மருந்தை. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன்.

குளிகையைப் பற்றிச் சுருக்கமாக. பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் 'MAL' என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பிறகு 'T' என்ற எழுத்து வரும் எண் இருக்கும். எண் இல்லாத வலிக் குளிகைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இதே வகை வலி மருந்துகளும் ரகசியமாகக் கலந்திருப்பதை நாட்டின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு முதலில் அற்புதமாக வேலை செய்யும். பிறகு இனிப்புநீர் எகிறும், முகம் உப்பும், எலும்பு பலமிழக்கும்; மாதக்கணக்கில் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. வலி மருந்தோடு ஸ்டீராய்டும் சேர்ந்தால் இரைப்பைப் புண் இன்னும் வேகமாக வரும். 'இயற்கையானது' என்ற சொல்லை நம்பி வாங்குகிறவர்கள் அந்த எண்ணை மட்டுமாவது தேடிப் பார்க்கவேண்டும்.

மருத்துவமனையில்

எல்லா வலி மாத்திரையும் நிறுத்தப்பட்டது. பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைட், மெட்ஃபார்மின் மூன்றும் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கொடுக்கக்கூடாது. பொட்டாசியத்தை இறக்கினார்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் தொடங்கினார்கள், கிருமிக்கு இரண்டு வாரச் சிகிச்சை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார். ஆறு வாரம் கழித்துக் கிரியேட்டினின் 101, வடிகட்டும் அளவு 51. முன்பிருந்த இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. வலி மாத்திரையை நிறுத்தியதும் ரத்த அழுத்தம் தானாகவே இறங்கியது. அம்லோடிபின் மீண்டும் 5 ஆனது, கால் வீக்கம் வற்றியது. இனிப்புநீர் உள்ளவரின் சிறுநீரகத்துக்குப் பெரிண்டோபிரில் நீண்ட காலத்தில் நன்மை செய்வது என்பதால், ரத்தம் சோதித்துக்கொண்டே அதைத் திரும்பத் தொடங்கினார்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் திரும்ப வரவில்லை. மெட்ஃபார்மின் குறைந்த அளவில் வந்தது.

வலி என்ன ஆயிற்று?

இங்கேதான் பல நிகழ்வு ஆய்வுகள் நின்றுவிடுகின்றன. மாத்திரையை நிறுத்தினோம், சிறுநீரகம் தேறியது, முடிந்தது என்று. ஆனால் அம்மாவின் முட்டி அப்படியேதான் இருந்தது. மாத்திரை இல்லாத முதல் வாரம் இரவில் அழுதார் என்று மகன் சொன்னார். வலிக்கு ஒரு வழி சொல்லாமல் 'இனி அதைத் தொடாதீர்கள்' என்று மட்டும் சொன்னால், இரண்டு மாதத்தில் மறுபடியும் ஏதோ ஒரு கிளினிக்கில் நிற்பார். அது அவர் குற்றமாகாது.

முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். இதுவும் அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் தோலில் தடவும்போது ரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் சுமார் 6 சதவீதம்தான். முட்டித் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னால் தடவும் மருந்தை முயலவேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் பலவும் சொல்கின்றன. நம்மவர்கள் இதைத் தைலம் என்று நினைத்து ஒரு பொட்டு எடுத்துத் தேய்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். 1 சதவீத ஜெல்லை ஒரு முட்டிக்கு 2 முதல் 4 கிராம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை, முட்டியைச் சுற்றிலும் தடவவேண்டும். பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகலாம். எவ்வளவு என்று அம்மாவின் உள்ளங்கையிலேயே பிதுக்கிக் காட்டினேன். இவருடைய சிறுநீரக நிலையில் ஜெல்லையும் கண்காணிப்போடுதான் போடவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் வலி அதிகமுள்ள வலது முட்டிக்கு மட்டும், அடுத்த ரத்தப் பரிசோதனை வரை.

இரண்டாவது, தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பிடிப்பது, கைப்பிடிக்காமல் எழுந்து உட்கார்வது. முட்டித் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியைவிட உறுதியான ஆதாரம் உள்ள வைத்தியம் குறைவு. முட்டி தேய்ந்தவர் நடக்கக்கூடாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தசையை வற்றவைத்து முட்டியை இன்னும் கெடுக்கிறது. எடையும் முக்கியம்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறையும். அம்மா 74 கிலோவிலிருந்து 70-க்கு வந்திருக்கிறார். மகன் குந்தும் கழிப்பறையை உட்காரும் கழிப்பறையாக மாற்றிவிட்டார். அதற்கான செலவு ஒரு மாத மாத்திரைச் செலவைவிட அதிகம்தான், ஆனால் அந்த வீட்டில் வலிக்காகச் செய்ததிலேயே மிக நல்ல காரியம் அதுதான் என்பேன்.

பனடோல் (பாராசிட்டமால்) தேவைப்படும்போது மட்டும். தேய்மான வலிக்கு அது பெரிதாக உதவாது, ஆனால் சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைவிடப் பாதுகாப்பானது. மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமின் சத்து மாத்திரையை அம்மா கேட்டார். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கிச் சாப்பிடுங்கள் என்றேன். எலும்பு மருத்துவப் பிரிவில் வலது முட்டிக்கு ஓர் ஊசி போட்டிருக்கிறார்கள். அது ஸ்டீராய்டு என்பதால் சில நாள் சர்க்கரை ஏறும் என்று முன்னமே சொல்லி, வீட்டில் குத்திப் பார்க்க வைத்தார்கள். இப்படித்தான் ஒரு மருந்தைக் கொடுக்கவேண்டும்.

வேறு ஒருவராக இருந்தால்

இதே மாத்திரை வேறு ஆளுக்குப் பொருத்தமாக இருக்கலாம். 45 வயது, கொதிப்பு இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, முட்டி திடீரென்று வீங்கியிருக்கிறது என்றால் ஒரு வாரம் பத்து நாள் அழற்சி எதிர்ப்பு மாத்திரை சரியான வைத்தியம். காலையில் எழுந்ததும் கை விரல்கள் ஒரு மணி நேரம் விறைத்திருக்கிறது, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்குகிறது என்றால் கதையே வேறு. அது ருமட்டாய்டாக இருக்கலாம். அங்கே இந்த மாத்திரை வலியை அடக்குமே தவிர மூட்டு அழிவதைத் தடுக்காது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை நிபுணர் சீக்கிரம் தொடங்கவேண்டும். வலி மாத்திரையிலேயே வருஷத்தை ஓட்டினால் விரல்கள் கோணிப்போகும்.

நீண்ட நாள் மாத்திரை தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எது நல்லது என்று பார்க்க 24,000-க்கும் மேற்பட்ட மூட்டுவலிக்காரர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து 2016-இல் முடிவு வெளியானது. மிதமான அளவில் செலகாக்சிப், இதயத்தைப் பொறுத்தவரை நாப்ராக்சென், ஐபுபுரோஃபென் இரண்டையும்விட மோசமில்லை என்று அது காட்டியது. எந்த மாத்திரையானாலும் குறைந்த அளவு, குறைந்த நாள், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. தொடங்கி ஓரிரு வாரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கவேண்டும். வயதானவராக இருந்தால் சிறுநீரகமும் பார்க்கவேண்டும். வயிற்றுப் புண் வந்தவருக்குக் கூடவே ஒமெப்ரசோல் மாதிரி ஒன்று. விரதம், வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ள நாள்களில் மாத்திரையை நிறுத்திவைக்கவேண்டும். இந்தக் கடைசி வரியை நம்மில் யாருக்கும் கிளினிக்கில் சொல்வதில்லை. மலேசியாவில் இனிப்புநீர் அதிகம் உள்ள சமூகம் நாம், விரதமும் அதிகம். கோவில் அறிவிப்புப் பலகையில் விரத முறைகளோடு இதையும் ஒட்டவேண்டும் என்று எங்கள் ஊர்க் கோவிலில் கேட்டிருக்கிறேன்.

தனியார் கிளினிக்கில் மருத்துவரே மருந்தையும் கொடுக்கும் நாடு இது. ஆகவே மருந்தின் பெயரும் அளவும் பையின் மேல் எழுதித் தரும்படி கேட்பது நோயாளியின் உரிமை. 'டாக்டர் கோபித்துக்கொள்வாரோ' என்று தயங்கும் பெரியவர்களை தினமும் பார்க்கிறேன். பிள்ளைகள் கூடப்போய்க் கேளுங்கள். கேட்டும் எழுதித் தரவில்லையென்றால் வேறு கிளினிக்குக்குப் போங்கள். ஊரில் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை.

அம்மாவின் சர்க்கரைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. எல்லா இடத்து மருந்தும் ஒரே கையெழுத்தில், பள்ளி போகும் பேத்தி எழுதியது. மேலே சிவப்பு மையில் 'அழற்சி எதிர்ப்பு மாத்திரை கொடுக்கவேண்டாம், சிறுநீரகம்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதிக்கொடுத்தேன். ஏப்ரலில் பல்வலிக்குப் போனபோது அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். பல் மருத்துவர் கொடுக்க எடுத்த மெஃபெனாமிக் அமிலத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் பனடோல் கொடுத்தாராம். முட்டிவலி பத்துக்கு எட்டாக இருந்தது, இப்போது நாலு ஐந்தில் நிற்கிறது. வலது முட்டியை மாற்றும் அறுவை சிகிச்சைக்குப் பெயர் பதிந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் சீராகவேண்டும். அடுத்த ரத்தப் பரிசோதனை ஜூலையில்.